கிளட்ச் இல்லாத வண்டி

அடையாறு பாலத்தின் மேல் வண்டி நின்றுபோனால் வைத்தியம் சொல்ல ஊரே வந்துவிடும். சைக்கிளில் போகிறவன் இறங்கி வந்து சொல்வான். பஸ் ஜன்னலோரம் இருப்பவன் உட்கார்ந்தபடியே சொல்வான். "ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துப்பா!" ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்து வரை இருந்தது. சூடானது இன்ஜின் அல்ல, கியர் பெட்டி. அதைச் சொன்னால், கியர் பெட்டி எங்கேயாவது சூடாகுமா என்று என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

என் வண்டியின் பின்னால் ஒரு அம்பாசிடர் மூக்கைத் தூக்கிக்கொண்டு கொக்கியில் தொங்கியது. பாண்டி பஜாரில் அச்சு உடைந்து நின்ற அதைத் திருவான்மியூரில் ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துப் போய்க்கொண்டிருந்தேன். அதன் சொந்தக்காரர், அபிராமபுரத்துப் பெரிய மனிதர், என் பக்கத்து சீட்டில் இருந்தார். இரும்புப் பட்டை கட்டிய என் இடது காலை நந்தனத்திலிருந்தே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தவர், இப்போது கீழே இறங்கிப் பாலத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "காலே சரியில்லாதவன்ட்ட ஸ்டியரிங்கைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்." சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருந்தது.

குழந்தையாக இருந்தபோது போலியோவில் சூம்பிய கால் அது. வலது கால் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் எந்த வண்டியை எடுத்தாலும் இடது பக்கம் ஒரு கிளட்ச் இருக்கும், அதை மிதிக்க ஒரு கால் வேண்டும். அதனால் அக்கா வீட்டுக்காரரின் டோயிங் ஷெட்டில் போன் எடுப்பதும் கிரீஸ் அடிப்பதும்தான் என் பிழைப்பு என்று ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாமா ஒரு ஏலத்தில் இந்த ஜப்பான் வண்டியை எடுத்தார். துறைமுக வேலைக்கு வந்த ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி விட்டுப்போனது. எனக்காக எடுக்கவில்லை, மலிவாகக் கிடைத்தது, எடுத்தார். வந்த பிறகுதான் பார்த்தோம், அதில் இரண்டே பெடல். ஆக்சிலேட்டர், பிரேக், அவ்வளவுதான். கியர் தானாகவே மாறிக்கொள்ளும்.

லைசென்ஸுக்குப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து கிளட்சைத் தேடினார். "எங்கப்பா காணோம்?" என்றார். "இல்லவே இல்ல சார்" என்றேன். அதைச் சொன்ன சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. அன்றிலிருந்து நான் டிரைவர். இந்த வண்டி போனால் மறுபடி போன் எடுக்கிறவன். மெட்ராஸில் எனக்கு ஓட்டத் தெரிந்த வண்டி அது ஒன்றுதான், எனக்கு ஓட்ட முடிந்த வண்டியும் அது ஒன்றுதான்.

அதனால் அதைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டேன். சிக்னலில் நின்றால் நியூட்ரலில் போட்டு இன்ஜினை லேசாக உறுமவிடுவேன், உள்ளே எண்ணெய் சுற்றி வந்து சூடு தணியும். பாலம் ஏறும்போது கியரைத் தானாக மாறும் 'டி'யில் விடாமல் இரண்டில் பிடித்து வைப்பேன். இந்தப் பெட்டிக்கு உயிரே அந்தச் சிவப்பு எண்ணெய்தான். வண்டி நன்றாக ஓடிவந்த பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவி அளவு பார்க்க வேண்டும் என்று, வண்டியை ஒப்படைத்த கம்பெனி டிரைவர் என்னிடம் படித்துப்படித்துச் சொல்லிவிட்டுப் போனார். மாமா அப்போது ஏலக்காரரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் வண்டி ஒரு மூச்சு கூடத் திணறவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை வந்து, ஜல்லி லாரி ஓட்டுவதை விட்டு, அந்த ஆடியிலிருந்து அவர் ஷெட்டிலேயே உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம். சாயங்காலம் எண்ணெய் பார்த்தால் குறைந்திருக்கும். ஊற்றுவேன். மறுநாள் சாயங்காலம் மறுபடி குறைந்திருக்கும். எங்கேயும் ஒழுகவில்லை, தரையில் ஒரு சொட்டுக் கறை இல்லை. ஒரு காரை இழுத்துக்கொண்டு நாலு தெரு போவதற்குள் கருகின வாசனை வரும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது.

பாலத்தில் நின்ற அன்று ஒரு மணிநேரம் ஆறவிட்டு, எண்ணெய் ஊற்றி, எப்படியோ திருவான்மியூர் போய் இறக்கிவிட்டு வந்தேன். மாமா ஷெட் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மச்சான், சொன்னா கோச்சிக்காத. உன் கால்லதான் கோளாறு கீது. பிரேக்கு மேல ஒரு காலை வெச்சிக்கினே ஆக்சிலேட்டர் குடுக்கிற. அதான் சூடாவுது."

எனக்கு வேலை செய்வது ஒரே கால். அது ஒரே நேரத்தில் இரண்டு பெடலில் எப்படி இருக்கும்? கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, கால்தான்" என்றார். வண்டிக்கு வயிற்றுவலி வந்தாலும் என் கால்தான் காரணம்.

கோளாறு எங்கே என்று நானே பார்த்துவிட நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் ஆதம்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மயிலாப்பூர் ஷெட்டுக்கு வந்துவிட்டேன். வழக்கமாக நான் எட்டு மணிக்கு மேல்தான் வருவேன். ஷெட் திறந்திருந்தது. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியிருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து மாமாவின் இரண்டு கால்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு டப்பா. அதில் சிவப்பாக எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா மாமா பண்றே?"

"எண்ணெய் ஜாஸ்தியா கீது மச்சான். டெய்லி பாக்குறேன், கோட்டுக்கு மேலயே நிக்குது. எவனோ ஊத்திக்கினே கீறான். நான்தான் எடுத்து எடுத்து சரி பண்ணிக்கினு இருக்கேன்."

அந்த எவனோ நான். அவர் வாழ்நாள் முழுக்க லாரிக்குப் பார்த்த மாதிரி, காலையில் நின்ற வண்டியில், இன்ஜினை ஆன் பண்ணாமல் குச்சியை உருவியிருக்கிறார். இன்ஜின் நின்றிருக்கும்போது மேலே இருக்கிற எண்ணெயெல்லாம் பெட்டியின் அடித்தட்டில் வந்து தேங்கும், குச்சியில் அதிகமாகத்தான் காட்டும். அதை அவர் இறக்கியிருக்கிறார். சாயங்காலம் நான் ஊற்ற, காலையில் அவர் எடுக்க, நடுவில் பகல் முழுக்க வண்டி எண்ணெய் இல்லாமல் வெந்திருக்கிறது. ஷெட் கதவு கொஞ்ச நாளாகச் சத்தமே போடாமல் திறந்ததற்கும் காரணம் புரிந்தது. இறக்கிய எண்ணெயைக் கீலுக்கு விட்டிருக்கிறார், வீணாக்கக் கூடாதாம்.

நான் அடியிலிருந்த திருகை இறுக்கி, இன்ஜினை ஓடவிட்டு, சூடான பிறகு குச்சியை உருவிக் காட்டினேன். நுனியில் மட்டும் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மாமா அதை இரண்டு தடவை துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஓடறப்போ எண்ணெய் பாக்குறதா? இதெல்லாம் ஒரு வண்டியா?" என்றார். தப்பு வண்டியுடையதாகிவிட்டது.

அப்போதுதான் நான் கத்தினேன். இத்தனை மாதம் என் காலைச் சொன்னாயே மாமா, ஒரு வார்த்தை என்னைக் கேட்டாயா என்று கத்தினேன். காபி கொண்டுவந்த அக்கா நடுவில் வந்து நின்றாள். "உன் மாமா நல்லதுக்குத்தானேடா செஞ்சாரு. அவருக்கே உடம்பு சரியில்ல. விட்ரு." நல்லதுக்குச் செய்கிறவரைத் திட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அடி வாங்கினவன்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொண்டேன், ஆனால் ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

எண்ணெயைச் சரியாக ஊற்றியும் பெட்டி பிழைக்கவில்லை. தீபாவளிக் கூட்டத்தில் உஸ்மான் ரோட்டில் ஒரு வேனை இழுத்துக்கொண்டிருக்கும்போது கடைசியாக நின்றது. எங்களை இழுத்துப்போக இன்னொரு வண்டி வந்தது. "இழுக்கிற வண்டியவே இழுத்துக்கினு போறாங்க பாருடா" என்று துணிப்பையும் கையுமாக ஊரே சிரித்தது.

புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். உள்ளே கருகிய தட்டுகளை மாற்றினால் போதும், பம்பாயிலிருந்து வரவழைக்கலாம், கார்த்திகை வரை பொறுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மாமாவிடம் சொன்னேன். "ஆவட்டும்" என்று தலையாட்டினார். மழையில் அலைந்ததில் எனக்கு ஜுரம் வந்து வீட்டில் படுத்துவிட்டேன்.

ஜுரம் விட்ட மறுநாள் பக்கத்து வீட்டுக்கு மாமா போன் பண்ணினார். "வண்டி ரெடியாயிடுச்சி மச்சான். நீதான் மொதல்ல எடுக்கணும், வா." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கார்த்திகை இன்னும் பிறக்கவில்லை. பம்பாயிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அக்கா தேங்காய்த் தட்டோடு நின்றாள். மாமா சாவியை என் கையில் வைத்து, தோளைத் தட்டினார். "அந்தச் சனியன் புடிச்ச பெட்டியைக் கழட்டி எறிஞ்சிட்டேன். புதுப்பேட்டைலயே நல்ல பெட்டியா கெடச்சுது. இனிமே சூடாவற பேச்சே கெடயாது. உன் மேல யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது மச்சான், ஓட்டு."

ஏறி உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். மூன்று பெடல்.

கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே பூரித்துப்போய் நின்றார். வண்டி சூடானபோதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்த என் கால், வண்டியைப் பிரித்துப் பூட்டிய அத்தனை நாளில் ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

"ஸ்டார்ட் பண்ணு மச்சான், நல்ல நேரம் போவுது."

இடது காலை இரண்டு கையாலும் தூக்கி கிளட்சின் மேல் வைத்தேன். முழங்காலில் உள்ளங்கையை ஊன்றி என் பலம் அத்தனையும் போட்டு அழுத்தினேன். பெடல் பாதிதான் போனது. கையை எடுத்ததும் காலையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன். மாமா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அக்காதான் முதலில் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"எறங்குடா" என்றாள்.