பதினாறாம் சேனலில் யாரும் இல்லை: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை

வட சென்னைக்குப் போகிறேன் என்றால் என் அலுவலகத்தில், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது. இந்த முறை நானாகப் போகவும் இல்லை. மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் என் தம்பி ரமேஷ் ஒரு விருந்தாளியை என் தலையில் கட்டிவிட்டான்.

ரமேஷ், வெளிநாட்டுக் கடலோரக் காவலர்களுக்கு வகுப்பு நடத்தும் பயிற்சிக்கூடத்தில் ரேடியோ பாடம் எடுக்கிறான். நமக்குத் தெற்கே உள்ள ஒரு தீவு நாட்டுக்கு (பெயர் வேண்டாம், வம்பு) நம் அரசு ரோந்துப் படகு கொடுக்கிறது, அதை ஓட்ட ஆள்களையும் பழக்கி அனுப்புகிறது. நாம் செய்யாவிட்டால் வேறொரு நாடு செய்யும், அவ்வளவுதான் விஷயம். அப்படி வந்தவர்தான் லெப்டினென்ட் ஹசன், முப்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு முறை வந்து படித்தவர், இது இரண்டாவது தடவை. அவருக்கு மீன்பிடித் துறைமுகம் பார்க்க வேண்டுமாம், ரமேஷுக்கு அன்று டியூட்டி.

கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரத்துக்கு ஒரே ஸ்டேஷன், டிக்கெட் ஐந்து ரூபாய். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள், வெயிலும் கூட்டமும் ஏறிவிடும். அங்கிருந்து மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு சுமார் இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்தோம்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஹசனைப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னாக்கா, ஃபாரின் பார்ட்டியா? எந்த ஊராம்?" என்றார்.

"வியாசர்பாடி நைனா," என்றார் ஹசன்.

ஆட்டோ ஒரு குலுங்கு குலுங்கி நேரானது. முதல் தடவை வந்தபோது ஞாயிறு தவறாமல் வியாசர்பாடி மைதானத்தில் ஃபுட்பால் ஆடியிருக்கிறார் மனுஷன். தமிழ் அங்கேதான் ஒட்டிக்கொண்டதாம். என்னைவிட நன்றாகவே மெட்ராஸ் பாஷை பேசினார், எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

துறைமுக வாசலில் இறங்கியதும்தான் குண்டைப் போட்டார். அவர் மீன் பார்க்க வரவில்லை. சொந்தமாக விசைப்படகு வைத்திருந்த தேசப்பன் என்பவரைப் பார்க்க வந்திருக்கிறார். போன வருடம் கடல் எல்லை தாண்டி வந்த தேசப்பனின் படகைப் பிடித்தவர் இவர்தான். ஆட்களைச் சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். படகு இன்னும் ஹசன் நாட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது, கோர்ட்டில் வழக்கு நடக்கிறது.

காசிமேட்டில், மீன் ஏலம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், படகைப் பிடித்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கப்போகிறேன்! திரும்பிவிடலாம் என்றேன். "நீங்க வேணா இங்கியே நில்லுங்கக்கா," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே நடந்தார். விட்டுவிட்டா போக முடியும்? பின்னாலேயே ஓடினேன்.

தேசப்பனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. படகு போன பிறகு அவர் வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார், அதன் மேல்தட்டில் வலையை மடித்துக்கொண்டிருந்தார். ஹசன் கீழே நின்று வணக்கம் சொல்லி, "தேசப்பண்ணே, ஒரு நிமிட்டு," என்றார். சீருடை இல்லாததால் முகத்தைப் பார்த்து அவருக்கு அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் வலையைக் கீழே போட்டுவிட்டார்.

"டேய், அந்த கொரலு! மைக்குல பேசுனது நீதான?"

அன்று விடியற்காலையில் நடந்தது இதுதான். இருட்டுப் பிரியாத கடலில் பின்னாலிருந்து லவுட்ஸ்பீக்கர் கூப்பிட்டிருக்கிறது: "நைனா, இஞ்சினை ஆஃப் பண்ணு, பயப்படாத." அந்த பாஷையைக் கேட்டதும் நம்ம ஊர் ரோந்துதான் என்று நினைத்து, நிம்மதியாக இஞ்சினை நிறுத்தி, கயிறுகூட எடுத்து வீசியிருக்கிறார்கள். பக்கத்தில் வந்த பிறகுதான் வேற்றுக் கொடி தெரிந்தது. இந்தத் தவறை காசிமேட்டுக்காரர் தவிர உலகத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

"சொந்தக்காரன் கூப்புடுற மாதிரி கூப்ட்டு கவுத்துட்டியேடா," என்றார் தேசப்பன். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் எங்களைச் சூழ்ந்துவிட்டார்கள்.

ஹசன் நகரவில்லை. "அதுக்கு முன்னாடி ஒரு போட்டு ஓடுச்சுண்ணே. தொரத்துனோம். ஒருத்தன் தண்ணில வுழுந்தான், கெடைக்கவே இல்ல. உங்க போட்டுல யாரும் வுழக்கூடாதுன்னுதான் தமிழ்ல கூப்ட்டேன். எல்லைக் கோட்டுக்கு இந்தாண்ட இருக்கும்போதே மூணு தபா ரேடியோல வார்னிங் குடுத்தேன்."

"எந்த சேனல்ல?"

"பதினாறு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தே விட்டார்கள். பதினாறு என்பது அவசரத்துக்கு என்று உலகம் முழுக்க ஒதுக்கிய சேனல். என் தம்பி வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

"அதுல எவன் கீறான்? கப்பல்காரன் நாள் பூரா இங்கிலீஷ்ல பேசிக்கினே இருப்பான். நாங்கல்லாம் வேற சேனல்ல பேசிக்கினு போவோம்," என்றார் தேசப்பன்.

"உங்ககிட்ட ஜிபிஎஸ் இல்லியா?"

"கீது. மீனுக்கு இல்லியே."

இப்போது ஹசனும் சிரித்துவிட்டார். பிறகு, தான் வந்த காரியத்தைச் சொன்னார். அடுத்த விசாரணையில், லவுட்ஸ்பீக்கரின் முதல் குரலுக்கே படகு நின்றது, யாரும் எதிர்க்கவில்லை என்று அவர் சாட்சி சொல்வார். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்காது. "கோர்ட் இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியாதுண்ணே. நடந்தத நான் சொல்லுவேன்."

தேசப்பன் உடனே குளிர்ந்துவிடவில்லை. கீழே போட்ட வலையை எடுத்துக்கொண்டே பேசினார். "புடிக்கறதுக்கு தமிழ் பேசுனியே, கோட்டுக்கு முன்னாடியே பேசக்கூடாதா? எங்க சேனலுக்கு வந்து கூப்புடு." சேனல் எண்ணைச் சொன்னார். ஹசன் இரண்டு முறை திருப்பிச் சொன்னார். அந்த எண்ணை நான் இங்கே எழுத மாட்டேன், நீங்கள் போய் அரட்டை அடிப்பீர்கள்.

அங்கிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்கு ஆட்டோ பிடித்தோம், பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது ரூபாய். முகத்துவாரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி ஹசன் சொன்னார்: "இன்னொரு நாடு எங்களுக்கு உங்க போட்டவிட பெரிய போட்டு குடுத்துச்சுக்கா. ஆனா அவங்க ஊர்ல யாரும் என்னை ஃபுட்பாலுக்கு கூப்புடல." வெளியுறவுக் கொள்கை பற்றி டிவி விவாதங்களில் கேட்டதைவிட இது எனக்கு நன்றாகவே புரிந்தது. அங்கேயே நின்று ரமேஷுக்கு போன் போட்டு, உன் பாடத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஒரு பிடி பிடித்தேன். விதிப்படிதான் நடத்துகிறேன் என்றான். விதிகள் இருக்கட்டும், வகுப்புக்கு ஒரு மீனவரைக் கூப்பிடு என்றேன்.

போகிறவர்களுக்கு: மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை, காசிமேட்டில் பெரிய படகுகள் கரையில்தான் நிற்கும். ரப்பர் செருப்பு போடுங்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்று செல்ஃபி எடுத்தால் திட்டு விழும், நியாயம்தான். திரும்பும்போது எண்ணூரிலிருந்து விம்கோ நகருக்கு பஸ்ஸில் வந்து மெட்ரோ பிடித்தால் சுகம். வட சென்னையைத் தைரியமாகப் போய்ப் பாருங்கள், பேச்சுக் கொடுங்கள்.

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன தேசப்பன், கரை திரும்பியதும் போன வாரம் எனக்கு போன் செய்தார். ஹசன் சாட்சி சொல்லிவிட்டார், தீர்ப்பு வரவில்லை. ஆனால் அவர் கூப்பிட்ட காரணம் வேறு. மீன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கமே, அவர்கள் சேனலில் ஒரு குரல் வந்ததாம்: "நைனா, கோடு வந்துகினு கீது, திரும்பு." கூட வந்த நாலு படகும் திரும்பிவிட்டன.

"என் போட்டு இன்னும் அங்கதான் கட்டிக் கெடக்குதுக்கா," என்றார் தேசப்பன். "ஆனா இந்த தபா போன போட்டு எல்லாம் வூடு வந்து சேந்துச்சு."