துரைக்குப் போட்ட மாலை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அதிகாரத்தில் இருக்கிற ஆள் யாரைக் கண்டாலும் உடனே கழுத்தில் ஒரு மாலையைப் போட்டுவிட வேண்டும். வந்தவர் எதற்காக வந்தார், அவரிடம் நமக்கு என்ன காரியம் ஆக வேண்டும் என்பதெல்லாம் அப்புறம். அந்த வியாதிக்கு மாலை கட்டிக் கொடுத்துப் பிழைத்தவள் பேச்சியம்மாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவள் குடியிருந்த சந்தின் நாற்றம்தான் என் மூக்கில் ஏறுகிறது.

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. மலாயாவில், குளுவாங்கிலிருந்து தெற்கே போகிற ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன், ஒரு மார்க்கெட், இரண்டு வரிசைக் கடைகள், அவ்வளவுதான். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சந்தின் முனையில் தையல் மெஷின் போட்டிருந்தேன். அதே சந்தில் நடு வீடு பேச்சியம்மாளுடையது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், புருஷன் காய்ச்சலில் போனபின் ஊருக்குள் வந்து, கொல்லையில் மல்லிகையும் அரளியும் துளசியும் வைத்துப் பூக்கட்ட ஆரம்பித்தாள். மாரியம்மன் கோயிலுக்கும் அவள் மாலைதான், கல்யாணத்துக்கும் அவள் மாலைதான், பாடைக்கும் அவள் மாலைதான். ஆள் குள்ளம், வாய் மட்டும் நறுக்கென்று இருக்கும்.

பூ மணக்கிற வீட்டின் வாசலில்தான் அந்த லொங்காங் இருந்தது. சாக்கடையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மார்க்கெட்டில் மீன் கழுவிய தண்ணீர், ஆட்டு ரத்தம், கோழிக்குடல் எல்லாம் அந்த மண் வாய்க்காலில் இறங்கும். ஓடிப்போகச் சரிவு கிடையாது. மெல்ல மெல்ல நகர்ந்து வந்து, சரியாகப் பேச்சியம்மாள் வாசலில் பள்ளமான இடத்தில் தேங்கும். மேலே பச்சையாக ஏடு படர்ந்து, ஏட்டுக்கு அடியில் புழு நெளியும். வெயில் ஏறினால் சந்துக்குள் ஒருவனும் வாயைத் திறந்து மூச்சுவிட மாட்டான். மழைக்காலம் இன்னும் மோசம். நிரம்பி வழிந்து, சந்து முழுவதும் குடிக்கிற ஒரே கிணற்றில் அது போய்க் கலக்கும். முந்தின கார்த்திகை மழையில் எங்கள் சந்தில் இரண்டு கைக்குழந்தைகள் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போயின.

பேச்சியம்மாளுக்கு ஒரே மகள், ராசம்மா. குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் மூர்த்தி என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்த வருஷம் ராசம்மாவுக்குத் தலைப்பிரசவம், மார்கழியில். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேச்சியம்மாள் பழைய புடவைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். ஆனால் நாள் பேச வந்த மூர்த்தி, சந்து முனையிலேயே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான். நல்ல பையன். வார்த்தையை அளந்துதான் பேசினான்.

"அத்தே, இந்த லொங்காங்க சிமெண்டு போட்டுக் கட்டட்டும், நானே கூட்டிட்டு வந்து விடறேன். கட்டலேன்னா அனுப்ப மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது சரி என்று அவளுக்கே தெரியும். ஆனால் மகளுக்குத் தலைப்பிரசவம் பார்க்க வக்கில்லாதவள் என்ற பெயரோடு எப்படி நடமாடுவது? அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு என்னை எரிப்பதுபோல் பார்த்தாள். மருமகன் வீட்டில் நாள் கணக்காக உட்கார்ந்து சாப்பிடுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று நினைக்கிற பிறவி அவள்.

அந்தச் சமயத்தில்தான் டவுன் போர்டு, தண்டோரா போடுகிற மாதிரி, கோங் அடித்து ஒரு செய்தி சொன்னது. மார்க்கெட்டுக்கு இருபுறமும் உள்ள இரண்டு சந்துகளில் ஒன்றுக்கு இந்த வருஷம் சிமெண்டு வாய்க்கால் கட்டப்படும். சுகாதாரத் துரை ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில் வருவார். சந்துக் குடிகள் போர்டு மண்டபத்துக்கு வந்து தங்கள் குறையை நேரில் சொல்லலாம். குடிகளைக் கூப்பிட்டுக் குறை கேட்பது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. இரண்டு சந்து என்றால் ஒன்று எங்களுடையது, இன்னொன்று சீனர்கள் இருந்தது. கோங்காரன் போனதும் பேச்சியம்மாள் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தாள்.

இங்கேதான் எங்கள் பெரிய மனிதர்கள் நுழைந்தார்கள். ஊரில் ஒரு இந்தியர் சங்கம் இருந்தது. தலைவர் சிவசம்பு, ரயில்வேயில் பெரிய கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலீசில் கனவு காண்கிறவர். பொருளாளர் மீரா சாகிபு, கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். இரண்டு பேர் வீட்டு வாசலிலும் லொங்காங் கிடையாது. சங்கம் கூடியது. குறையைச் சொல்வது பற்றி ஒருவரும் பேசவில்லை. வரவேற்புப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டமா, வெள்ளிப் பேழையா என்பதில்தான் அடிதடி. முடிந்ததும் சிவசம்பு பேச்சியம்மாள் வீட்டுக்கு, மூக்கில் கைக்குட்டையோடு, வந்தார்.

"நீ ஒண்டுக்கும் யோசியாத. துரையோட நான் இங்கிலீசில கதைக்கிறன். நீ ஒரு நல்ல மாலை கட்டித் தா, அது காணும்."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? தன் கொல்லையில் இருந்த மல்லிகையைக் கடைசி மொட்டுவரை பறித்தாள். ஆளுயர மாலை. அரளி, துளசி, நடுவில் ஜிகினா. கீழே குஞ்சத்துக்குப் பட்டு வேண்டுமென்று என்னிடம் கேட்டாள். ஒரு செட்டியாரம்மா ரவிக்கையில் மிஞ்சிய சிவப்புப் பட்டுத் துண்டைக் கொடுத்தேன். காசு எதுவும் வேண்டாம், சொல்லவேண்டியதைச் சொன்னால் போதும் என்று மாலையை அனுப்பினாள்.

போர்டு மண்டபத்தில் துரை நடுவில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பின்வரிசையில் நின்றோம். பெண்கள் எங்களுக்கும் பின்னால், சுவரோரம். முதலில் எங்கள் சங்கத்தைக் கூப்பிட்டார்கள். சிவசம்பு பத்திரத்தை எடுத்தார். சூரியன், சந்திரன், சக்கரவர்த்தி, சுல்தான், துரையின் தகப்பனார் எல்லாரும் அந்தப் பத்திரத்தில் இருந்தார்கள். லொங்காங் மட்டும் இல்லை. பிறகு ஒருவர் நாட்டை ராகத்தில் ஒரு பாட்டுப் பாடினார். பிறகு மாலை. யார் போடுவது என்று தலைவருக்கும் பொருளாளருக்கும் அங்கேயே முறைப்பு வந்து, கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போட்டார்கள். துரையின் தொப்பி கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்துக் கொடுக்க நாலு பேர் குனிந்தார்கள்.

துரை நேரத்தைப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டார். சிவசம்பு கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக, சுருக்கமாக என்னவோ சொன்னார். துரை எழுதிக்கொண்டார். எங்கள் சங்கத்தின் முறை முடிந்தது.

அடுத்தது சீனர் சந்து. அவர்களுக்கு மாலையும் இல்லை, பாட்டும் இல்லை. தவுபு என்கிற சோயாக்கட்டி செய்து விற்கிற ஒரு கிழவர் முண்டா பனியனோடு வந்தார். கையில் ஒரு சோடா பாட்டில். துரைக்கு முன்னால் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது அவர்கள் லொங்காங் தண்ணீர். துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மூடச்சொல்லிக் கையை ஆட்டினார். சிமெண்டு எந்தச் சந்துக்கு என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

வெளியே வந்ததும் பேச்சியம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், சொல்லியாகிவிட்டதா என்று சிவசம்புவைக் கேட்டாள். அவர் குடையை விரித்தபடி, துரை குறை ஏதும் உண்டா என்று கேட்டார், ஒரு குறையும் இல்லை என்று மரியாதையாகச் சொன்னோம், மனுவைப் பிறகு முறைப்படி அனுப்பலாம் என்றார். மீரா சாகிபுதான் சமாதானம் சொல்ல வந்தார்.

"மால போட்ட கையோட கொற சொன்னா நல்லாவா இருக்கும், பேச்சி? வந்தவங்கள அவமதிக்கிற மாதிரில்ல ஆயிரும்."

அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதுதான் கொடுமை. சுற்றி நின்ற எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தினமும் அந்த நாற்றத்தில் சோறு தின்கிறவர்கள், குழந்தையைப் புதைத்த ஒருவன் உட்பட, தலையாட்டினார்கள். காறித் துப்பலாம் போல் இருந்தது.

துரை இரண்டொரு நாள் ஊர்ப் பங்களாவில் தங்கி மார்க்கெட்டைப் பார்வையிட்டார். மாலையை அவர் மண்டபத்து வாசலிலேயே கழற்றிச் சேவகன் கையில் கொடுத்துவிட்டார். சேவகன் அதை என்ன செய்வான்? மார்க்கெட்டுக்குப் பின்னால் வீசினான். மறுநாள் காலை நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் வாசலில் குந்தி உட்கார்ந்து லொங்காங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். கோழிக்குடலுக்கும் மீன் செதிலுக்கும் நடுவில், பச்சை ஏட்டில் பாதி அமுங்கி, அந்த மாலை அவள் வாசலில் வந்து தேங்கிக் கிடந்தது. மல்லிகை கறுத்துப் போயிருந்தது. என் சிவப்புப் பட்டுக் குஞ்சத்தில் ஈ மொய்த்தது.

அவள் அழவில்லை. கொக்கி போட்ட மூங்கிலால் மாலையை வெளியே இழுத்து, ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டாள். தகரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே போர்டு ஆபீசுக்கு நடந்தாள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனேன். சேவகன் தடுப்பதற்குள் தகரம் துரையின் மேசைமேல் இருந்தது.

"துவான், லொங்காங் பூசோக்," என்றாள். துரையே, சாக்கடை நாறுகிறது என்று. அவளுக்குத் தெரிந்த மலாயில் மிச்சத்தையும் சொன்னாள். இது நான் கட்டிய மாலை, உங்கள் கழுத்திலிருந்து என் வாசலுக்கு வந்துவிட்டது, மழைக்கு முன் வாய்க்கால் கட்டினால்தான் என் மகள் பிள்ளை பெற வருவாள் என்று.

துரை கெட்டவர் இல்லை என்றே நினைக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாலும் முழுவதையும் கேட்டார். பிறகு காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் ஆட்களே குறை இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்றார். சிமெண்டு சீனர் சந்துக்கு என்று முடிவாகிவிட்டது. அடுத்த வருஷமும் குறை கேட்கப்படும், அப்போது வந்து சொல்லலாம். அதுவரை சுண்ணாம்புத் தூள் போடச் சொல்கிறேன் என்றார். சுண்ணாம்பு வந்தது. நாற்றம் வெள்ளையாக நாறியது.

அவள் தகரத்தோடு போன அன்று சாயங்காலமே சிவசம்புவும் மீரா சாகிபும் எங்கள் சந்துக்கு ஓடி வந்தார்கள். ஊர் மானம் கப்பலேறிவிட்டதாம். ஒரு பெண்பிள்ளை துரையின் மேசையில் சாக்கடையைக் கொண்டுபோய் வைத்தது இந்தியர் எல்லாருக்கும் தலைகுனிவாம். துரை காலை ரயிலில் போகுமுன் சங்கம் மன்னிப்புக் கேட்கப் போகிறதாம். அதற்கு ஒரு மாலை வேண்டும். நல்லதாக, முன்னைவிடப் பெரியதாக, அவளே கட்டித் தர வேண்டும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான். யார் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறார்களோ அவளிடமே வந்து அதற்கு மாலை கேட்டார்கள். பேச்சியம்மாள் கையில் இருந்த நாரைக் கீழே வைத்தாள்.

"நான் கட்டுன மாலையாலதான் உங்க வாய் அடைச்சுப் போச்சு. வெறுங்கையோட போங்கய்யா. அப்பவாச்சும் கேக்க வேண்டியதக் கேக்கறீங்களான்னு பாப்போம்."

அவர்கள் வெறுங்கையோடு போகிறவர்களா? சீனர் கடைத்தெருவில் இழவுச் சாமான் விற்கிற கடையில் காகிதப் பூவில் ஒரு மாலை வாங்கினார்கள். ஸ்டேஷனில் துரைக்கு அதைப் போட்டு மன்னிப்பும் கேட்டார்கள். அது இழவு மாலை என்று ஸ்டேஷனில் நின்ற சீனர்கள் எல்லாருக்கும் தெரிந்தது, இவர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஐப்பசி முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. லொங்காங் நிரம்பிக் கிணற்றில் கலந்தது. எதிர்வீட்டுக் குழந்தை ஒன்று போயிற்று. பேச்சியம்மாள் மடித்து வைத்த பழைய புடவைகளை ஒரு மூட்டையாகக் கட்டி, வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தாள். குளுவாங் ரயிலுக்குப் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகன் வீட்டுத் தட்டில்தான் இனி சோறு என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூர்த்தி ஒரு குறையும் வைக்கவில்லையாம். பெண் குழந்தை, சுகப்பிரசவம். ஆனால் மூன்று பேருமாகச் சேர்ந்து சாப்பிட ஒருநாளும் அவள் உட்காரவில்லை என்றும், அடுப்படியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் தின்றாள் என்றும் ராசம்மா பின்னாளில் என்னிடம் சொல்லி அழுதாள்.

அவள் திரும்பி வந்து மறுபடியும் பூக்கட்டினாள். சாமிக்குக் கட்டினாள், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கட்டினாள், பிணத்துக்கும் கட்டினாள். ஆனால் மாலை கேட்டு யார் வந்தாலும், யாருக்கு என்று கேட்காமல் நாரைத் தொடமாட்டாள். போர்டு ஆபீசருக்கு என்றோ துரைக்கு என்றோ சொன்னால் அவள் பதில் ஒன்றுதான்.

"முதல்ல போய் அவர்கிட்ட கேக்க வேண்டியதக் கேட்டுட்டு வா. அப்புறம் கட்டறேன்."

அவள் இருந்தவரை ஒருவனும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.