இருபத்திரண்டு செக்கன்

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாதவர்களுக்காகக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய எனக்கு நேரமில்லை. பேய் என்றால் நள்ளிரவு, வெள்ளைச் சேலை, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் ஒரு மணி பதினேழு நிமிடம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

என் பெயர் பிருந்தாபன். தொழிற்சாலை இயந்திரங்களின் தானியங்கிக் கட்டுப்பாட்டைச் சரிசெய்வது என் தொழில். பதினாறு வருடமாக மற்றவர்கள் குழப்பி வைத்ததைத் திருத்தித் திருத்தி, யாரையும் மதிக்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போய்விட்டது.

இரத்தோட்டைக்குப் போகும் வழியில் ஒரு வாசனைத் திரவியத் தொழிற்சாலை. போன வருடம், பௌர்ணமி விடுமுறையான நிக்கினிப் போயாவன்று அங்கே போனேன். போயாவன்று வேலை இல்லை. அன்றைக்குத்தான் இயந்திரத்தை என்னிடம் விடுவார்கள். பாய்லர்காரன், வாச்சர், மேனேஜர், டிரையர்காரன். வேறு ஒருவரும் இல்லை.

பிரச்சினை ஏலக்காய் காயவைக்கும் டிரையரில். நீராவியால் சூடாக்கிய காற்று உள்ளே போகிறது. ஐம்பது பாகையில் நிற்க வேண்டும். அது நாற்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் ஊஞ்சலாடியது. எட்டு மாதமாக ஏலக்காய் கருகிக்கொண்டே இருந்தது. எட்டு மாதம்! அதுவரை கையைப் பிசைந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

மேனேஜர் ஜுனைதீன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"சார், மெஷின் பிழையா, ஆள் பிழையா, ரெண்டுல ஒண்ட எழுதித் தாங்க. மேல கேக்கிறாங்க."

ஆள் என்றது டிரையர்காரன் பழனிமுத்துவை. ஐம்பது வயது இருக்கும். தோட்டத்து வேலையை விட்டு வந்தவன், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விட்டது. இந்த வேலையும் போனால் திரும்பிப் போக இடமில்லை. என் அறிக்கையில்தான் தன் பிழைப்பு தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். நான் போகும் இடமெல்லாம் பின்னால் வந்தான்.

டிரையரின் பின்பக்கம் சுவரோடு ஒரு பழைய குழாய். அதில் கையால் திருகும் இரும்புச் சக்கரம். குழாய் முழுக்கத் துரு. சக்கரத்தின் விளிம்பு மட்டும் பளபளவென்று இருந்தது. தினமும் கை பட்ட இரும்புதான் அப்படி இருக்கும்.

"இதைத் திருகிறது நீதானே?"

"இல்லீங்க சார். நான் எதையும் தொடுறதில்லீங்க. பார்த்துக்கிட்டு மட்டுந்தாங்க இருப்பேன். அந்தப் பைப்பு வந்துங்க சார்..."

"சும்மா கதைக்காதை. போய்ச் சாப்பிடு."

போனான். நான் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தேன்.

பத்து நிமிடத்தில் கோளாறைப் பிடித்துவிட்டேன். சிரிப்பு வந்தது. செக்கனுக்கு ஒரு முறை கணக்குப் பார்ப்பதாக நினைத்து எவனோ ஒரு மேதை எண்களைக் கொடுத்திருந்தான். புரோகிராமோ செக்கனுக்குப் பத்து முறை கணக்குப் பார்த்தது. குளிக்கும்போது சுடுதண்ணீர் வந்து சேரும் முன்பே பத்துத் தரம் குழாயைத் திருகுகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விறைப்பான், இல்லாவிட்டால் வேகுவான். ஏலக்காய் வெந்ததும் அப்படித்தான். பழனிமுத்துவில் ஒரு பிழையும் இல்லை. 'மெஷின் பிழை' என்று அறிக்கையின் முதல் வரியை மனதுக்குள் எழுதியும் விட்டேன்.

12.40. நேரக் கணக்கைத் திருத்தினேன். அந்த மேதையின் பழைய எண்களை நான் நம்பவில்லை, புதிதாக எடுக்க வேண்டும். தானியங்கியை நிறுத்தினேன். திரையில் இருந்தே நீராவி வால்வைப் நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதலாகத் திறந்தேன். வெப்பம் அசைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தேன். 22 செக்கன். திரும்பவும் செய்தேன். 22 செக்கன். அந்த டிரையரின் சுபாவம் அது. எதைச் செய்தாலும் பலன் தெரிய இருபத்திரண்டு செக்கன் பொறுக்க வேண்டும்.

மூன்றாம் தடவை திறந்தேன். வெப்பம் அசையவில்லை. நான் கூட்டியதை யாரோ எதிர்ப்பக்கம் குறைத்தது போல... பழைய சென்சர் என்று ஏசிவிட்டு விட்டுவிட்டேன். எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. குழாய் குழாயாகத் தடவிப் பார்ப்பது என் தகுதிக்குக் குறைவு என்று நினைப்பவன் நான்.

1.07. புதிய எண்களைப் போட்டு, தானியங்கிக்கு மாற்றினேன். திரையில் வெப்பக் கோடு ஏறியது. 48... 49... 50.

நின்றது.

50.0. ஒரு சின்ன அசைவும் இல்லை. எனக்கே என்மேல் பெருமை பொங்கியது.

1.13. இன்னும் 50.0. எவ்வளவு நல்ல கட்டுப்பாடாக இருந்தாலும் கோடு கொஞ்சம் மேலே போகும், கொஞ்சம் கீழே வரும். இது கோடு போட்ட மாதிரி நின்றது. அப்போதுதான் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். என் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் எண்.

31... 18... 6...

0.

என் வால்வு முழுதாக மூடிவிட்டது. அதன் வழியாக நீராவி போகவில்லை. வெப்பம் 50.0. அப்படியானால் வேறு எங்கேயோ இருந்து நீராவி வருகிறது.

கிறீச்...

டிரையரின் பின்பக்கம். அந்தச் சக்கரம். 'மடையன், திருகுகிறான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினேன்.

யன்னலால் முற்றம் தெரிந்தது. பலா மரத்தடியில் பழனிமுத்து உட்கார்ந்திருந்தான். மடியில் சோற்றுப் பார்சல். பிசைந்து கொண்டிருந்தான்.

கிறீச்...

உள்ளேதான்.

"ஆர் அங்கை?"

டிரையரின் காற்றாடி மட்டும் இரைந்தது.

1.17. பின்பக்கம் போனேன்.

ஒருவரும் இல்லை.

சக்கரம் திரும்பியது. தானாக. கால்வாசிச் சுற்று. நின்றது.

என் கண் கைக்கடிகாரத்துக்குப் போனது. தொழில் பழக்கம். இருபது... இருபத்தொன்று... இருபத்திரண்டு...

கிறீச். கொஞ்சம் பின்னுக்கு.

அதற்கு அந்த டிரையரைத் தெரிந்திருந்தது. நான் கருவி வைத்து அளந்ததை அது பழக்கத்தில் வைத்திருந்தது.

சக்கரத்தை இறுக்கிப் பிடித்தேன். நீராவி போகும் இரும்பு சுட வேண்டும்.

சில்லென்று இருந்தது.

இருபது... இருபத்தொன்று...

என் கையோடு சேர்ந்து திரும்பியது. மெதுவாக.

என் விரல்களின் மேல்...

விரல்கள்.

ஓடினேன்.

முற்றத்தில் மூச்சு வாங்க நின்றபோது பழனிமுத்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

"பார்த்துட்டீங்களா சார்?"

போத்தலை வாங்கித் தண்ணீரைக் குடித்தேன். இனி வருவதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வால்வு 0, வெப்பம் 50 என்று கணினியில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதை யாராவது பார்த்துவிட்டுக் கேட்டால்? பிருந்தாபன் பேயைக் கண்டு ஓடினான் என்று தொழிலில் இருக்கும் அத்தனை பேரும் சிரிப்பார்கள். இவ்வளவு காலம் நான் அவர்களைப் பார்த்துச் சிரித்ததற்கு வட்டியும் முதலுமாகச் சிரிப்பார்கள். அன்று பின்னேரம் வாகனத்துக்குள் இருந்தே எழுதினேன். நேரக் கணக்கில் இருந்த சிறு குறை திருத்தப்பட்டது. வெப்பம் தளம்பியதற்கு முக்கிய காரணம், பணியாளர் பழைய வால்வைக் கையால் இயக்கியது. ஆள் பிழை.

அந்தக் கிழமையே பழனிமுத்துவை நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ மடையர்களைத் திட்டியிருக்கிறேன். இவ்வளவு கேவலமான வேலையை அவர்களில் ஒருவனும் செய்ததில்லை.

மூன்று வாரம் கழித்து ஜுனைதீன் இன்னொரு இயந்திரத்துக்காகக் கூப்பிட்டான். பகல் பதினொரு மணி. தொழிற்சாலை முழுக்க ஆட்கள். அந்தத் தைரியத்தில், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சுவரைச் சுற்றி மறுபக்கம் போய்க் குழாய் எங்கே போகிறது என்று பார்த்தேன்.

அங்கே குழாய் இல்லை.

சுவரோடு வெட்டியிருந்தது. வெட்டிய வாயில் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து மூடியிருந்தது. தகட்டின் மேல் குளவி கூடு கட்டியிருந்தது. அந்தச் சக்கரத்தை நாள் முழுக்கத் திருகினாலும் ஒரு பொட்டு நீராவி வராது.

ஜுனைதீனிடம் கேட்டேன்.

"அது சார், ஸெய்னுலாப்தீன் நானா மவுத்தான அடுத்த கிழமையே வெட்டினது. முப்பது வருஷமா அவர்தான் அதத் திருகி வேல செஞ்சார். ஜொயின்ட் வெடிச்சி நீராவி அவர்ட மேல அடிச்சி, அதுலதான் உசுரு போச்சி. அதுக்குப் பொறகுதான் இந்த ஓட்டோமெடிக் போட்டம். பழனிமுத்துதான் வெல்டருக்குப் பக்கத்துல நிண்டு மூடினான். ஒங்களுக்குச் சொல்லல்லயா?"

பழனிமுத்து சொல்லத்தான் வந்தார். நான்தான் சாப்பிடப் போகச் சொன்னேன்.

"என்ர அறிக்கை பிழை," என்றேன். "அந்த மனுசனைத் திரும்ப எடுங்கோ. நான் எழுதித் தாறன்."

ஜுனைதீன் என்னைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனான். டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. பழனிமுத்துவின் இடத்துக்கு யாரையும் போடவில்லை. திரையைக் காட்டினான். வெப்பம் 50.0. வால்வு 0.

"மூணு கிழமையா ஒரு காய் கருகல்ல. பின்ன எதுக்கு சார் ஆள்?"

திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன்.

"அதைத் திருகிறது ஆரெண்டு... உங்களுக்குத் தெரியுமோ?"

கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"தெரியாமலா சார்? ஸெய்னுலாப்தீன் நானா உசுரோட இரிக்கக்குள்ளயும் இப்பிடித்தான். ஒரு நாள் லீவு கேட்டதில்ல."