சீனாவில் பிறந்த டீச்சரம்மாவும் ஸ்வெட்டர் கேட்ட தையல்காரரும்

ஐம்பதுகளின் கடைசியில் என்னைப் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மாற்றினார்கள். ஸ்டேஷன் ரைட்டர் வேலை. புகார் எழுதுவது, வாக்குமூலம் எழுதுவது, மேலே கேட்பதற்குப் பதில் எழுதுவது. நான் சாதாரண கான்ஸ்டபிள்தான். ஆனாலும் ஊரில் எல்லாரும் 'ஏட்டையா' என்றே கூப்பிட்டார்கள், நானும் திருத்தவில்லை. எங்கள் குடும்பத்துக்குப் பழனி அடிவாரத்தில் பூக்கடை. வெயிலில் செருப்பில்லாமல் திரிந்து வளர்ந்தவன், மலைக்கு வந்த முதல் மாதம் இரண்டு ஜோடி காலுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் என்பதால் வெளிநாட்டார் பதிவேடும் என் தலையில் விழுந்தது. பெயர், நாடு, பிறந்த இடம், உயரம், கண்ணின் நிறம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். சீசன் வந்துவிட்டால் சமவெளியில் ஊழியம் செய்கிற பாதிரிமார்களும் டீச்சர்களும் குடும்பத்தோடு மேலே வந்துவிடுவார்கள். வராந்தாவில் வரிசை நிற்கும். ஒவ்வொருவர் கண்ணையும் குனிந்து பார்த்து நீலமா பச்சையா என்று எழுத வேண்டும். எனக்குக் கூச்சமாக இருக்கும். பாதிப் பேருக்கு 'பூனைக்கண்' என்றுதான் மனதில் தோன்றும். அதற்கு ஆங்கிலம் தெரியாததால் சாம்பல் நிறம் என்று எழுதிவிடுவேன்.

அந்தப் பதிவுச் சட்டம் வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருஷங்களில் எழுதப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பிறகும் அப்படியே எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கர், ஜெர்மானியர், சுவீடன்காரர் எல்லாரும் பதிய வேண்டும். இங்கிலாந்துக்காரர் மட்டும் வேண்டியதில்லை; அவர்கள் காமன்வெல்த்தாம். எனக்கு இது பிடிபடவே இல்லை. எங்கள் எஸ்.ஐ.யிடம் கேட்டேன்.

"ஐயா, நேத்து வரைக்கும் நம்மள ஆண்டவுங்க வெளிநாட்டுக்காரங்க இல்லைங்களா?"

"அதுல உமக்கு என்னய்யா சோலி? ரூல் அப்படி இருக்கு. எழுதும்" என்றார்.

பதிவேட்டில் இருந்தவர்களில் எனக்கு மிகவும் பழக்கமானவர் ஒரு அமெரிக்க அம்மா. அறுபத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றபின் வட்டக்கானல் போகிற வழியில் ஒரு சின்ன வீட்டில் பிளம் மரங்களோடு இருந்தார். ஊரே அவரை டீச்சரம்மா என்றது. தமிழை முதலில் வேதாகம வகுப்பில் படித்தாராம். மீதியைப் பக்கத்து மலைக்கிராமமான போளூரிலிருந்து வந்து சமையல் செய்த பெண்ணிடம் கற்றாராம். அதனால் இரண்டும் கலந்து வரும். "ஏட்டையா, உமக்குச் சமாதானம் உண்டாவதாக. வெரசா கையெழுத்து வாங்கிக்கிருங்க, அடுப்புல ஜாம் கெடக்கு" என்பார்.

அறுபத்திரண்டில் சீனப் போர் வந்தது. தேநீர்க் கடையில் ரேடியோவைச் சுற்றி எப்போதும் கூட்டம். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு மலை கைவிட்டுப் போன செய்தி. இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்று புதிதாக வந்தன. அதன்படி யாரை வேண்டுமானாலும் பிடித்து வைக்கலாம். அரசாங்கத்தைத் தூற்றிப் பேசினால் வழக்குப் போடலாம். நானும் அந்தத் தாள்களைக் கோப்பில் கட்டி வைத்தேன். கட்டும்போது அவை நம் ஊருக்கும் வரும் என்று நினைக்கவில்லை.

ஒரு காலையில் ஒயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. பாதி இரைச்சல். சீனாக்காரர்களைக் கணக்கெடுத்துக் கண்காணிக்கச் சொல்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. எஸ்.ஐ. பதிவேட்டைப் புரட்டச் சொன்னார். சீனாக்காரர் ஒருவர்கூட இல்லை. ஆனால் 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் ஓரிடத்தில் என் கையெழுத்திலேயே சீனா என்று இருந்தது. டீச்சரம்மா! அவருடைய அப்பா அங்கே பாதிரியாராக இருந்தவர்.

"ஐயா, அவுங்க அமெரிக்காக்காரங்க."

"பொறந்தது எங்க?"

"சீனாவுல."

"பெறகென்ன? மதுரைக்கு எழுதிக் கேளும். பதில் வர்ற வரைக்கும் வாரம் ஒருக்கா வந்து கையெழுத்துப் போடட்டும். ஊரை விட்டு வெளிய போகக் கூடாது."

அதைச் சொல்ல நானே போனேன். டீச்சரம்மா முழுவதும் கேட்டார். பிறகு, "அந்த நேரத்துல எங்கம்மா அங்க இருந்தாங்க ஏட்டையா. நானும் அவங்க கூடவே இருக்க வேண்டியதாப் போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் என்னை வழியனுப்ப எழுந்தபோது ஸ்வெட்டர் பொத்தானை அவர் துளை மாற்றிப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வந்துவிட்டார். எங்கள் வராந்தா பெஞ்சில் அந்த நேரத்துக்கு நல்ல வெயில் விழும். கையெழுத்துப் போட்டபின் போகாமல் அங்கேயே உட்கார்ந்து, பையிலிருந்து கம்பளி நூலையும் ஊசியையும் எடுத்துப் பின்னத் தொடங்கினார். பட்டாளத்துக்காரர்களுக்கு ஸ்வெட்டர். ஊரில் பெண்கள் எல்லாரும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சீனாவில் பிறந்ததற்காகக் கண்காணிப்பில் உள்ளவர், சீனாவோடு சண்டை போடுகிறவர்களுக்கு எங்கள் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து பின்னுகிறார். எஸ்.ஐ. இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது திங்களன்று தையல்காரரைக் கூட்டி வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்தவர். எங்கள் சீருடைகளையும் அவர்தான் தைப்பார். முந்தின நாள் ரேடியோ செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது தேநீர்க் கடை நடுவே எழுந்து கத்தியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த இரும்புக்கடைக்காரர் ஒருவர், ஊர்க் கூட்டங்களில் மாலை வாங்குகிறவர், உடனே மனு எழுதிக் கொடுத்துவிட்டார். அரசாங்கத்தை இழிவாகப் பேசினார், போர்க்காலத்தில் மக்களின் ஊக்கத்தைக் கெடுத்தார் என்று.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தார்.

"என்னண்ணே பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"பேசுனதத்தான் பேசுனேன். பனி மலையில கொண்டுபோய் நிப்பாட்டுனாங்களே, மேலுக்கு ஒரு ஸ்வெட்டரு குடுத்தாங்களா, காலுக்கு ஒழுங்கா ஒரு பூட்ஸு குடுத்தாங்களா, இது என்ன கவருமெண்டுன்னு கேட்டேன். இந்தக் குளிருக்கே நம்ம படுற பாடு தெரியாதா? எங்க அக்கா மகன் அங்க நிக்கிறான் ஏட்டையா. மூணு வாரமாக் கடுதாசி இல்ல."

"'இது என்ன கவருமெண்டு'ங்கறத மட்டும் விட்டுட்டு எழுதிக்கிறேண்ணே."

"விடாதீங்க. அதையும் சொன்னேன்ல."

எஸ்.ஐ. வெளியே போயிருந்தார். வரும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னேன். டீச்சரம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் தையல்காரரைப் பார்த்து, "நீர் என்ன குற்றம் செய்தீர்?" என்று கேட்டார்.

"வாயத் தொறந்தேம்மா. நீங்க?"

"நான் பொறந்துட்டேன்."

பாராவில் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டான்.

தையல்காரர் கண் மெல்ல ஸ்வெட்டருக்குப் போனது. எடுத்து விரித்துப் பார்த்தார். அவருடைய தொழில் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. "அம்மா, இது யாருக்கு? தோளு இம்புட்டுக் குறுகலா இருக்கே. பட்டாளத்துக்காரன் கையத் தூக்குனா கிழிஞ்சிரும்."

"எனக்குப் பிள்ளைகளுக்குப் பின்னித்தான் பழக்கம். அளவு தெரியல."

"இருங்க." அவர் எழுந்தார். பாராக்காரனை நேராக நிற்கச் சொன்னார். கழுத்திலிருந்த நாடாவை உருவி அவன் மார்பைச் சுற்றினார். "முப்பத்தெட்டு. ஏட்டையா, குறிச்சுக்கிருங்க." நான் வாக்குமூலத் தாளின் ஓரத்திலேயே குறித்தேன். "கை நீளம் இருபத்து மூணு. எழுதிக்கிருங்க."

அந்த நேரம் பார்த்து எஸ்.ஐ. படியேறி வந்தார். குற்றவாளி போலீஸ்காரனுக்கு அளவெடுக்கிறார், கண்காணிப்பில் உள்ள அம்மா மேற்பார்வை பார்க்கிறார், ரைட்டர் எழுதுகிறான். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ரைட்டர், இங்க என்னய்யா நடக்குது?"

பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். அங்கே முந்தின வாரம் நானே பசை தடவி ஒட்டிய அரசாங்க வேண்டுகோள் இருந்தது. பனிமலையில் நாட்டைக் காக்கும் நம் வீரர்களுக்குக் கம்பளி உடைகள் மிகவும் தேவை, பொதுமக்கள் கொடுத்து உதவ வேண்டும் என்று பெரிய எழுத்தில். ஒட்டும்போது படித்தேன், ஆனால் அப்போதுதான் அது என் மண்டைக்குள் போனது.

வாக்குமூலத்தை எஸ்.ஐ.யிடம் கொடுத்தேன். படித்தார். "ஐயா, கொஞ்சம் அதையும் படிங்க" என்று சுவரைக் காட்டினேன். அதையும் படித்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா சொல்லுது" என்றேன்.

எஸ்.ஐ. மீசையைத் தடவினார். "அப்ப யாரய்யா உள்ள வைக்கச் சொல்லுதீரு? சுவத்தையா?"

இரும்புக்கடைக்காரரை அழைத்து வரச் சொன்னார். அவர் வந்து வேண்டுகோளைப் படித்துவிட்டு, "ஐயா, விஷயம் ஒண்ணா இருக்கலாம். ஆனா இந்தாளு பேசுன தொனி இருக்கே, தொனி..." என்றார்.

"தொனிதான் உம்ம புகாருன்னு எழுதித் தாறீரா?"

அவர் தரவில்லை. போகிற போக்கில் டீச்சரம்மாவின் பையைப் பார்த்து, தன் வீட்டிலும் இரண்டு கம்பளி கிடப்பதாகவும் அனுப்பி வைப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி அனுப்பியும் வைத்தார். தையல்காரரை 'எச்சரித்து அனுப்பப்பட்டது' என்று எழுதினேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "கவருமெண்டைப் பத்திச் சொன்னத அடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்குத் திருப்தி.

அதன் பிறகு திங்கட்கிழமைகளில் அவரும் வருவார், கையெழுத்துப் போட அல்ல, அளவு சரிபார்க்க. எங்கள் ஸ்டேஷனிலிருந்து மட்டும் பதினான்கு ஸ்வெட்டர்கள் போயின. எல்லாம் பாராக்காரன் அளவு.

இவ்வளவு சிரித்தேன் என்று எழுதும்போது ஒன்றையும் சொல்ல வேண்டும். வடக்கே இதே நாட்களில் இங்கேயே பிறந்து வளர்ந்த சீனக் குடும்பங்களை, கிழவர் குழந்தை என்று பாராமல், ரயிலேற்றி முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அங்கேயும் என்னைப்போல் ஒரு ரைட்டர் உட்கார்ந்து கட்டம் கட்டமாக எழுதியிருப்பான். சுவரில் அவனுக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் ஒட்டியிருக்காது. தையல்காரர் விஷயத்திலும் அந்தக் காகிதம் அங்கே இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்? எழுதி, கையெழுத்து வாங்கி, மேலே அனுப்பியிருப்பேன். வேறு ஒன்றும் செய்திருக்க மாட்டேன்.

தை பிறந்து மதுரையிலிருந்து பதில் வந்தது. அந்த உத்தரவு சீன நாட்டவருக்கும் சீன வம்சத்தவருக்கும்தான், அமெரிக்க அம்மாவுக்கு அல்ல என்று இரண்டே வரி. அதை எடுத்துக்கொண்டு வட்டக்கானல் பாதையில் கிட்டத்தட்ட ஓடினேன். டீச்சரம்மா ஏணிமேல் நின்று பிளம் மரத்தைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். கீழேயிருந்தே சத்தமாகப் படித்தேன்.

"அப்ப நான் எங்க வேணாலும் போலாமா?"

"எங்க வேணாலும் போங்கம்மா. பத்து நாளுக்கு மேல ஆனா மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க, பதிவேட்டுல எழுதணும்."

"நல்லது. முதல்ல இந்த மேல்கிளைக்குப் போறேன். ஏணியப் பிடியும்" என்றார். பிடித்துக்கொண்டேன். வெட்டிய குச்சிகள் என் தொப்பிமேல் விழுந்துகொண்டே இருந்தன.