குனிந்து போகிறவன்

எழுபத்தொன்றாம் வருடம், நவம்பர் மாதம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரம். நான் அங்கே போய்ச் சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. வயது இருபத்து மூன்று.

அதற்கு முன்னால் காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை கோட்டை விட்டவன். கட்டம் போட்ட தாளில் அன்னமும் யாளியும் மாங்காயும் வரைந்து, இந்தக் கட்டத்துக்கு ஜரிகை, இந்தக் கட்டத்துக்குப் பட்டு என்று நிறம் தீட்டிக் கொடுக்கிற வேலை. கை தானாகவே பழகிக்கொண்டது. நான் போட்ட கரை ஒன்று பட்டணத்து ஏற்றுமதி வியாபாரி ஒருவர் கண்ணில் பட்டது. அவர் மூலமாக, மான்செஸ்டரில் துணி அச்சிடும் கம்பெனி ஒன்றின் டிசைன் அறையில் ஒரு வருடப் பயிற்சி கிடைத்தது.

வழியனுப்ப எங்கள் தெருவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. மாலைகூடப் போட்டார்கள். என் சிநேகிதன் மட்டும் காதருகே வந்து, “ஊர் மெச்சப் போற, ஊர் சிரிக்க வந்துடாதடா” என்றான். அம்மா அழுகையை அடக்கிக்கொண்டு, “குளிர்ல வாயைத் தொறந்துக்கினு நிக்காதப்பா. பல்லும் பல்லும் பேசிக்கினே இருக்கும்” என்றாள்.

அம்மா சொன்னது பலித்துவிட்டது. அந்த ஊரில் என்னோடு பேசியது என் பற்கள் மட்டும்தான்.

யாரும் என்னைத் திட்டவில்லை, துரத்தவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கார அம்மாள் மாடி அறைச் சாவியைக் கொடுத்ததோடு சரி. டிசைன் அறையில் எட்டுப் பேர்; காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம். தலைவர் என் தாளைத் தூக்கிப் பார்ப்பார். “இடமே விடவில்லையே, துணி எங்கே மூச்சு விடும்?” என்று திருப்பி வைத்துவிடுவார். காஞ்சிபுரத்தில் கரையில் கட்டைவிரல் அகலம் காலியாக விட்டால், “என்னப்பா, பாதியில தூங்கிட்டியா?” என்று கேட்பார்கள். இங்கே நிரப்பியதே குற்றம்! ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ரொட்டி தின்பேன். கீழே ஆயிரம் பேர் போவார்கள். கூட்டம் நிறைய, கூப்பிடத்தான் ஆளில்லை.

ஏழாவது ஞாயிறு அன்று முடிவெடுத்துவிட்டேன். ‘உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஊருக்குத் திரும்புகிறேன்’ என்று தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டினேன். நேரில் சொல்லத் தைரியமில்லை. அந்தக் கடிதம் பெட்டியில் விழுந்தால் பயிற்சி போயிற்று. மாலை போட்ட அதே பஸ் ஸ்டாண்டில் தலையைக் குனிந்து இறங்க வேண்டும். எல்லாம் தெரிந்தும், இன்னொரு ஞாயிற்றுக்கிழமையை அந்த ஜன்னலோரம் கழிக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

மறுநாள் திங்கட்கிழமை. சளி என்று வேலைக்குப் போகாமல், பத்து மணிக்குக் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தபால் பெட்டிக்கு ஒரு பின்சந்து வழியாகப் போக வேண்டும். அந்த ஊர்ப் பெண்களுக்குத் திங்கட்கிழமைதான் துவைக்கும் நாள். இந்த வரிசை வீட்டுச் சுவரிலிருந்து எதிர் வரிசைச் சுவருக்குக் கயிறு கட்டி, சந்தின் குறுக்கே வெள்ளை வெளேரென்று காயப் போட்டிருப்பார்கள். நான்கைந்து கயிறு இருக்கும். திங்கட்கிழமைகளில் வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தத் துணிகளில் படாமல் நன்றாகக் குனிந்துதான் போவேன். அது எங்கள் தெருப் பழக்கம்.

எங்கள் தெருவில் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றப் போகிற நீள இழைகளை, காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். குறுக்கே போகிறவன் கலெக்டரே ஆனாலும் குனிந்துதான் போக வேண்டும். மழை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். யார் வீட்டுப் பாவு என்று பார்க்காமல் தெருவே ஓடிவரும். “மழை வந்தா பங்காளிச் சண்டை நாளைக்கு” என்று ஒரு சொலவடையே உண்டு. எதிர்வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் ஒருநாள் தூறல் போட்டதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து, இடது கையால் எங்கள் பாவின் ஒரு முனையைத் தாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்!

இந்தப் பழக்கம்தான் அன்றைக்கு என்னை மாட்டிவிட்டது.

சந்தில் பாதி தூரம் போயிருப்பேன். மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தால், வானம் கருத்துக் கிடக்கிறது. சந்தில் ஒரு ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அடுத்து நான் செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை, என் கை செய்தது. முதல் கயிற்றுக்கு ஓடி, மரக் கிளிப்புகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, துணிகளை ஒவ்வொன்றாக இடது தோளில் அடுக்கினேன். முதல் கயிறு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. அவற்றில் என்னென்ன உருப்படிகள் இருந்தன என்பதை இங்கே எழுத முடியாது. எங்கள் அம்மா பார்த்திருந்தால் காமாட்சியம்மனைக் கூப்பிட்டிருப்பாள்.

மூன்றாவது கயிற்றில் கை வைத்தபோது ஒரு கதவு திறந்தது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், தலையில் துணி கட்டியவள், என்னைப் பார்த்து வீறிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து பனியனோடு ஒரு தடியர் வந்தார். ஒரே எட்டு, என் காலர் அவர் கையில். அவர்கள் பேசிய இங்கிலீஷ் பாதி புரியவில்லை. புரிந்த பாதி என் காதில் எங்கள் தெருப் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

“பட்டப் பகல்ல துணி திருடறியா? எவ்ளோ நெஞ்சழுத்தம் உனுக்கு!”

நான் மேலே கையைக் காட்டி, “ரெயின், ரெயின்” என்றேன்.

“மழைன்னு எங்களுக்குத் தெரியாதா? நீ யார்ரா அதைச் சொல்ல?”

நியாயமான கேள்விதான். நான் யார்? பாவு என்பதற்கு எனக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாது. தெரிந்தாலும் ஒரு தெருவின் பழக்கத்தை எப்படி மொழிபெயர்ப்பது? போலீஸ் என்ற வார்த்தை மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. ஊருக்குப் போக ஆசைப்பட்டது உண்மைதான். திருடன் என்ற பெயரோடு போகவா ஆசைப்பட்டேன்?

அந்தப் பெண் நெருங்கி வந்து என் தோளைப் பார்த்தாள். இழை வரிசை கலையாமல் பாவைச் சுருட்டிப் பழகிய கை இல்லையா? முதல் வீட்டுத் துணி முதலில், இரண்டாவது வீட்டுத் துணி அதன் மேல், நடுவே கலந்துவிடாமல் ஒரு துண்டைக் குறுக்கே போட்டு அடுக்கியிருந்தேன். ஒரு முனைகூடத் தரையில் படவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பனியன்காரரிடம் திரும்பினாள்.

“வுடுப்பா அவனை. இவன் அந்தக் குனிஞ்சு போறவன்.”

“எவன்?”

“வாரா வாரம் பாக்கறேனே. அவனவன் அழுக்குக் கையால துணியை ஒதுக்கிக்கினு போவான். இவன் ஒருத்தன்தான் கோயிலுக்குள்ள போற மாதிரி குனிஞ்சுக்கினு போவான்.”

ஏழு வாரம், ஒரு உயிர்கூட என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்து அழுதவன் நான். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண், கையில் சோப்பு நுரையோடு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்! எனக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கிறாள்!

அதற்குள் மழை வலுத்துவிட்டது. காலரைப் பிடித்த கையே மீதிக் கயிறுகளை அவிழ்த்தது. மூன்று பேருமாக எல்லாவற்றையும் வாரிக்கொண்டு அவள் வீட்டுக்குள் ஓடினோம். பனியன்காரர் தன் வீட்டு உருப்படிகளை என் தோளிலிருந்து எடுக்கும்போது அவர் முகம் சிவந்ததைப் பார்த்து, அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கணப்பருகே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். என் கோட்டைக் கழற்றச் சொன்னாள். அப்போதுதான் அதன் பையில் இருந்த கடிதம் நினைவுக்கு வந்தது. தொப்பலாக நனைந்து, விலாசத்து மை ஊர்ந்து போயிருந்தது. அவள் அதை வாங்கி, ஒரு வார்த்தை படிக்காமல், கணப்புக்கு மேல் கட்டியிருந்த கொடியில் ஒரு கிளிப் போட்டு மாட்டினாள். யாருடையதோ இரண்டு காலுறைகளுக்கு நடுவே, என் ராஜினாமா மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

“காய்ஞ்சதும் நானே பெட்டியில போட்டுடறேன். அவசரமா?” என்று கேட்டாள்.

அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊருக்குப் போய்விடலாம். வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே ஈரத் துணி வாசனை, சோப்பு வாசனை. பனியன்காரர் இன்னொரு கோப்பைத் தேநீரை என் பக்கம் தள்ளினார்.

“அவசரம் இல்லை” என்றேன்.

மழை விட்டதும் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன். போனதும் உலகம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். குளிர் அதேதான், ‘இடம் விடவில்லை’ என்ற பேச்சும் அதேதான். ஆனால் கொடியில் ஆடிய துணிகளும் அவற்றின் நடுவே தெரிந்த வெறுஞ்சுவரும் என் கண்ணிலேயே நின்றன. ஓர் அன்னம், பிறகு பெரிய வெட்டவெளி, பிறகு இன்னோர் அன்னம் என்று வரைந்து பார்த்தேன். மூன்று முறை திருப்பித் தந்த தலைவர், நான்காவது முறை தாளைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். வருடம் முழுக்க இருந்து பயிற்சியை முடித்துத்தான் திரும்பினேன். விடுமுறையில் திங்கட்கிழமை வந்தால் கயிறு கட்ட என்னையும் கூப்பிடுவார்கள். “குனிஞ்சு போறவனே, வானம் என்ன சொல்லுது?” என்று கேட்பார் பனியன்காரர்.

இதையெல்லாம் அம்மாவுக்கு எழுதியிருந்தேன். அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதிய பதிலில் கடைசி வரி இது: ‘எதிர்வீட்டுக்காரர் உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கிளிப்பை எல்லாம் திருப்பிக் கொடுத்தியான்னு கேக்கச் சொன்னார்.’

திரும்பி வந்து வருடங்கள் ஆகிவிட்டன. மறுபடியும் காஞ்சிபுரத்தில் டிசைன்தான் போடுகிறேன். ஓர் ஊர் நமக்குக் கை கொடுத்தால்தான் அது நம் ஊராகும் என்று அதுவரை காத்துக்கொண்டிருந்தேன்; முன்பின் தெரியாதவர்களின் துணியை நனையாமல் எடுக்க என் கை தானாக நீண்டதே, அன்றைக்குத்தான் அந்த ஊர் எனக்கும் ஊரானது என்பதை, மூக்கின் மேல் முதல் சொட்டு விழும்போதெல்லாம் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.