நோகாத நோம்பு

எங்கள் சூப்பர்வைசருக்கு அந்த வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். வேலையை விட்டு வந்த பிறகும் அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற விடுவதாகவும் இல்லை.

மண்டபம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் இருந்தேன். அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் துண்டு விழாமல் சதையைப் பிரித்தெடுக்கிற வேலை. மேசை நிறையப் பெண்கள்தான். நண்டு முள் கையில் ஏறினால் உடனே சொல்ல வேண்டும், காயம் ஆறும்வரை டப்பாவுக்கு லேபிள் ஒட்டலாம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. நல்ல விதிதான்.

ஒருநாள் புதிதாக வந்த பெண் அந்த விதியை நம்பிவிட்டாள். ரத்தம் கசிந்த விரலைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

"என்னடி, நோகாம நோம்பு கும்பிட வந்தியா? லேபிள் ஒட்டி உக்காந்து திங்கணுமா? போ, பெரிய மகாராணி!" என்று கூடமே கேட்கக் கத்தினார். அவள் மாதம் முடியுமுன் நின்றுவிட்டாள். அந்தச் சொல் மட்டும் நிற்கவில்லை. கொஞ்சம் மெதுவாக உரித்தாலும் "நோம்புக்காரி", தண்ணீர் குடிக்க எழுந்தாலும் "நோம்புக்காரி". எங்கள் மேசையிலேயே ஒருத்தியை ஒருத்தி அப்படி ஏசிக்கொண்டோம். திட்டு வாங்கிய கையில் பொறுமை இருக்காது, சதையில் ஓடு விழும். ஓடு விழுந்தால் மறுபடியும் திட்டு. ஆனால் அதற்குப் பிறகு ஒருத்திக்கும் காயமே படவில்லை! தினமும் காலையில் "யாருக்காவது வெட்டு இருக்கா?" என்று அதட்டுவார். "இல்ல சார்" என்போம். எல்லாம் கிளவுஸுக்குள் இருந்தது.

என் பக்கத்தில் உட்காருகிறவர் கீழக்கரைக்காரர். அக்கா முறைக்கு லாத்தா என்று கூப்பிடுவேன். எங்களில் வேகமான கை அவருடையதுதான். வலது ஆள்காட்டி விரலால் ஒரு நெம்பு நெம்பினால் நண்டுக் கால் சதை முழுசாக வந்து விழும். ரமலான் மாதத்தில் அந்த விரலில் முள் ஏறியது. இரண்டாம் நாள் கிளவுஸைக் கழற்றும்போது பார்த்தேன். விரல் கருத்து வீங்கியிருந்தது.

"சொல்லிருங்க லாத்தா, நானும் கூட வாரேன்" என்றேன்.

"வேணாந்தாயி. நான் நெசமாவே நோம்பு வச்சிருக்கேன். அந்த ஆளு வாயால அந்த வார்த்தைய எம்மேல எறிஞ்சா எனக்குத் தாங்காது."

மறுநாள் உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு உடம்பு நடுங்கியது. பசி மயக்கம் என்றார். அதற்கு அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒருநாள் போயிருந்தால் கையே போயிருக்குமாம்.

நான் பார்க்கப் போயிருந்தபோது சூப்பர்வைசரும் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா?" என்றார். அம்மாவாம். விரல் போன பிறகுதான் அந்த வாயில் அம்மா வருகிறது.

லாத்தா மெதுவாகச் சொன்னார்: "நோகாம நோம்பு கும்பிடுறேன்னு சொல்லிருவீகளோன்னு பயந்துட்டேன் சார்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "யாரு, நானா? அப்படி எப்பம்மா சொன்னேன்?"

நடிக்கவில்லை. அந்த ஆளுக்கு உண்மையாகவே நினைவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்த ஆப்பிள் பையை அவர் முகத்தில் வீச வேண்டும்போல் இருந்தது. லாத்தா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார், இடது கையால்.

மறுநாள் காலை வேலையில் சூப்பர்வைசர் குரலே மாறியிருந்தது. "யாருக்காவது வெட்டு இருந்தா பயப்படாமச் சொல்லுங்கம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். கிளவுஸுக்குள் என் கட்டைவிரல் விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"இல்ல சார்" என்று முதலில் சொன்னது நான்தான்.