தோல்பையோடு வந்த விருந்தாளி

ராதிங்கா பயந்தவள் என்று எங்கள் லெஸ்கோவட்ஸ் ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அவள் வேலை பார்த்த துணி மில்லை மூடியபோது பதினோரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டுத்தான் மூடினார்கள். அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. முற்றத்துக் கார் கொட்டகையில் இரண்டு தையல் மெஷினைப் போட்டாள். கசாப்புக் கடைகளுக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் வெள்ளை அங்கி தைத்தே இருபது வருடம் ஓட்டிவிட்டாள்.

அவள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கடைகளுக்கு லேபிளும் விலைப்பட்டியலும் வரைந்து கொடுத்துப் பிழைக்கிறேன். மாதச் சம்பளம் என்ற ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த தொழில் பாடமெல்லாம் அவளிடம் வாங்கியது. விலையை முதலில் சொல், காபியைப் பிறகு குடி என்பாள். ஒரே வாடிக்கையாளரை நம்பி உட்காராதே என்பாள். எல்லாம் நல்ல பேச்சு. ஆனால் முன்கேட் கிறீச்சிட்டால் அவள் முகம் வெளுத்துப்போவதை நான் மாடி ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தேன்.

காரணம், இரண்டாவது மெஷினில் உட்கார்ந்த ஜிவ்கா. மூன்று வருடமாக எந்தக் காகிதத்திலும் பெயர் இல்லாமல் தைத்துக்கொண்டிருந்தாள். பதிவு செய்தால் வரி, காப்பீடு என்று மாதாமாதம் கட்டியாக வேண்டும். இந்த மாதம் போகட்டும் என்று ராதிங்கா ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட்டாள். கேட் சத்தம் கேட்டதும் ஜிவ்கா எழுந்து துணிக் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கே பழகிவிட்டது. பிடிபட்டால் கட்ட வேண்டிய அபராதத்துக்கு இரண்டு மெஷினையும் விற்றாலும் போதாது.

அந்த டிசம்பரில் எங்கள் தெரு ரொட்டிக் கடையில் தொழிலாளர் ஆய்வாளர்கள் புகுந்தார்கள். பழுப்புத் தோல்பையோடு சாதாரண ஆள் போல வந்தார்களாம். அதற்கு அடுத்த வாரம் புனித நிக்கோலா நாள், ராதிங்கா குடும்பத்தின் ஸ்லாவா, அதாவது குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு எடுக்கும் விருந்து நாள். அன்று வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். யாரையும் அழைப்பதில்லை. வருகிறவரை நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்பதும் இல்லை. புனிதரின் மெழுகுவர்த்தி எரிகிற வரை வீட்டில் வேலை கூடாது. ஆனால் மறுநாள் காலையில் அறுபது அங்கி கொடுத்தாக வேண்டும். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜிவ்கா தைத்தாள். சாமிக்கும் தெரியக் கூடாது, சர்க்காருக்கும் தெரியக் கூடாது.

மத்தியானம் இரண்டு மணிக்கு, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். ஒரு கையில் காபிப் பொட்டலம் போட்ட காகிதப் பை. மறு கையில் பழுப்புத் தோல்பை.

காகிதப் பையை நடையில் வைத்துவிட்டு, சிலுவைக் குறி போட்டு, புனிதருக்குப் படைத்த இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்தார். மேசையில் இடம் பார்த்து உட்கார்ந்தார். பெயரை மட்டும் சொன்னார், ஒப்ராட் என்று. யாருக்கும் தெரியாத முகம். ராதிங்கா அவருக்கு மீன் சூப் ஊற்றினாள், கண் அந்தத் தோல்பையிலேயே இருந்தது. ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. அவள் நின்றுகொண்டே பரிமாறினாள்.

கொட்டகையிலிருந்து மெஷின் சத்தம் கேட்டது. ஒப்ராட் கரண்டியை நிறுத்தித் தலையைத் திருப்பினார். நல்ல வேளையாக, மேசையில் இருந்த ராதிங்காவின் கல்யாணத் தோழர் பிளகோயே உரக்கப் பேசுகிறவர். கெட்ட வேளையாக அவர் பேசியது இதைத்தான்: "நம்ம ராதிங்கா கை சும்மா இருக்காதே, இன்னைக்குக்கூட..." மேசைக்கடியில் அவள் அவர் காலை மிதித்தாள். மனிதர் மீதியை மீனோடு சேர்த்து விழுங்கினார்.

ராதிங்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போனேன். ஜிவ்காவின் மெஷினை நிறுத்தச் சொன்னேன். புகை தெரியக் கூடாதென்று குளிர்காயும் அடுப்பை அணைத்தேன், விளக்கையும் அணைத்தேன். வெளியே வந்து நாதாங்கியைப் போட்டுப் பூட்டினேன். பூட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பயம் என் கையில் இருந்தது, பூட்டும் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது ஒப்ராட் ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல் வேலையெல்லாம் நல்லா போகுதாம்மா?"

"எங்கங்க... அதை மூடி ரொம்ப நாளாச்சு," என்றாள் ராதிங்கா.

"கூட யாராவது ஆள் இருக்காங்களா?"

"ஆளா? நான் ஒருத்திதான். எனக்கும் கண்ணு தெரியலை."

அவர் காபி குடித்தார், வீட்டாரை வாழ்த்தினார், நாலு மணிக்குக் கிளம்பினார். கேட் மூடியதும் ராதிங்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். அதற்குள் அடுத்த விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஆறு மணி வரை அவள் நின்றாள்.

எல்லோரும் போன பிறகு மெழுகுவர்த்தியை வழக்கப்படி ஒயின் துளியால் அணைத்துவிட்டு, வந்த பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஒப்ராட்டின் காபிப் பொட்டலத்தில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. அதனோடு ஒரு அங்கிக் காலரிலிருந்து வெட்டிய லேபிள். நான் வரைந்த லேபிள், ராதிங்காவின் பெயர் போட்டது. சீட்டில் இருந்தது இது: இன்று உங்கள் ஸ்லாவா என்று தெருமுனையில்தான் சொன்னார்கள், மேசையில் வேலை பேசுவது மரியாதையில்லை. எங்கள் ஏழு கடைகளுக்கும் மாதம் இருநூறு அங்கி வேண்டும். நாளை மறுநாளுக்குள் முடிவு செய்ய வேண்டும், கீழே உள்ள எண்ணில் கூப்பிடுங்கள்.

அந்த எண்ணைச் சுழற்ற ராதிங்காவுக்கு மூன்று முறை தவறியது. ஒப்ராட் கோபமாகப் பேசவில்லை. அதுதான் கொடுமை.

"நீங்களே மூடிட்டேன்னு சொன்னீங்களேம்மா. கொட்டகையிலயும் பூட்டு தொங்குச்சு. போற வழியில இன்னொருத்தர்கிட்ட பேசி முடிச்சுட்டேன். கை குலுக்கியாச்சு."

அவள் போனை வைத்தாள். பூட்டு என்று அவர் சொன்ன வார்த்தை எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பையில் சாவி கனத்தது.

இருவரும் முற்றத்துக்கு ஓடினோம். பனி பெய்திருந்தது. ராதிங்கா என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிப் பூட்டைத் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு, வெளியைவிட அதிகக் குளிர். ஜிவ்கா செத்திருப்பாள் என்றே நினைத்தேன்.

துணிக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் குசுகுசுவென்று கேட்டது.

"போயிட்டாராக்கா?"

விளக்கைப் போட்டேன். அங்கிகளை உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணி நேரம். உதடு நீலம் பாரித்திருந்தது. மடியில் ஊசி.

"மெஷின் சத்தம் கேக்கும்னு பட்டன் தெச்சேன். இருட்டுல தடவித் தடவித் தெச்சது. நேரா வந்திருக்கான்னு பாருங்க," என்றாள்.

ராதிங்கா பார்க்கவில்லை. மண்டியிட்டு அவள் விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். "யாரும் வரலைடி. வேலை குடுக்கத்தான் ஒருத்தர் வந்தாரு. நாங்கதான் பூட்டிட்டோம்," என்று சொல்லி அழுதாள். இருபது வருடத்தில் நான் பார்த்த முதல் அழுகை.

மறுநாள் அறுபது அங்கியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராதிங்கா ஜிவ்காவைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கிளம்பும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "இவளைப் பதிஞ்சா மாசம் எவ்வளவு ஆகும்னு விரல் விட்டு எண்ணினேன். பயப்படுறதுக்கு எவ்வளவு ஆகும்னு எண்ணவே இல்லை பாரு."

அந்தப் பதிவுக் காகிதம் இப்போது கொட்டகைச் சுவரில், ஜிவ்காவின் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. கேட் கிறீச்சிட்டால் ஜிவ்கா இன்னும் பாதி எழுந்துவிடுகிறாள். ராதிங்கா மெஷினை நிறுத்தாமல் "உக்காருடி" என்கிறாள். அந்தக் குரலும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.